திரும்பி வந்த பொட்டலம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி, அது உனக்குத் தெரிந்ததுதான்.

உனக்கு அனுப்பிய பொட்டலம் நேற்று நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. 'பெறுநர் கேட்டுப் பெறவில்லை' என்று குறிப்பு. கொண்டுவந்த பையன் என்னிடம் தபால் வேலை பழகியவன். கையெழுத்து வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஊரார் பொட்டலங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் கையால் துணி சுற்றித் தைத்தது திரும்பி வருவது இதுதான் முதல் தடவை. முகவரியில் பிழை இல்லை. ஜிர்கான் விடுதி, அறை எண், 620015, எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஏழு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் திருப்புவார்கள். ஏழு நாளில் ஒருமுறைகூடவா அந்தப் பக்கம் போகவில்லை?

எள்ளுப்பொடி எண்ணெய் கசிந்து துணியில் ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம் போட்டிருக்கிறது. நல்லவேளை, வெள்ளைச் சட்டை இரண்டும் தப்பின. நேர்காணல் அன்று அறுந்துவிடக் கூடாதென்று அம்மா பொத்தான்களைப் பிரித்து இரட்டை நூலில் மறுபடி தைத்திருந்தாள். அந்தச் சட்டைகள் உன் கைக்கு வந்ததும் விடுதி வாஷிங் மெஷினில் போடாதே, வாளியில் ஊறவை. இஸ்திரிக்குக் கொடுத்தால் எண்ணிக் கொடு, எண்ணி வாங்கு. சைக்கிளுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினாயா? தபால் வந்திருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்.

அக்காவுக்கு ஐப்பசியில் வளைகாப்பு. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வங்கியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். கல்விக் கடனில் அடுத்த தவணையை விடுவிக்க, நீ அங்கே படிக்கிறாய் என்று கல்லூரி தரும் போனபைடு சான்றிதழ் வேண்டுமாம், கட்டணச் சீட்டும் வேண்டுமாம். கூடவே போன பருவத்து மதிப்பெண் பட்டியல். நான் கேட்கவில்லை, வங்கி கேட்கிறது. மூன்று வருடம் நான் கேட்பதற்கு முன்பே அனுப்பி வைத்தவன் நீ. அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் ஆகிற காரியம்தானே. ஜூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கைபேசியில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை.

தேரடியில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் 'திருச்சி என்.ஐ.டி.' என்று சொல்லும்போது இன்றும் என் முதுகு நிமிர்கிறது. அதை மறைக்க மாட்டேன். 'நன்றாக இருக்கிறானா' என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் இப்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தாமல் பதில் சொல்கிறேன்.

ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள் என்கிறாள் அம்மா. பேருந்து நிலையத்தைப் பஞ்சப்பூருக்கு மாற்றிய பிறகு திருச்சியில் எனக்குத் திசை பிடிபடவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். திசை எல்லாம் பிடிபடும். தஞ்சாவூர்ச் சாலையில் போகிற பஸ் ஏறினால் துவாக்குடி. சொல்லாமல் வந்து உன் அறைக் கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடத்தோடு நான் நின்றதற்குக் கை ஒடிந்ததுதான் காரணம் என்று உங்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். கை ஒடிந்தது அதற்குப் பிறகு. 1983இல் கணக்கில் இரண்டு தாள் போய்விட்டது. வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். விடுதியைக் காலி செய்துவிட்டு ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன், அங்கேயே படுத்துக்கொண்டேன். தாத்தா மாதாமாதம் எண்பது ரூபாய் மணியார்டர் அனுப்பினார். ஏழாம் தேதி, எட்டாம் தேதி வாக்கில் முகம் கழுவி, விடுதித் திண்ணையில் போய் உட்கார்ந்து தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன். கையெழுத்துப் போட்ட சீட்டு தாத்தாவுக்குத் திரும்பிப் போகும். அவர் அதைக் கதவோரக் கம்பியில் குத்தி வைப்பார். என் கையெழுத்து இருந்தால் நான் அங்கே இருக்கிறேன் என்று அவருக்குக் கணக்கு. இப்படி எட்டு மாதம். ஆச்சி வீட்டுக் கம்பியைக் காட்டி அது என்ன என்று நீ சின்ன வயதில் கேட்டாய். ரேஷன் ரசீது என்றேன்.

அந்தத் தபால்காரருக்கு எல்லாம் தெரியும், என் விரல் நகத்தில் கிரீஸ் இருக்கும். கடைசி மாதம் மட்டும், "அப்பாவுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா, தம்பி?" என்றார். நான் எழுதவில்லை. கை ஒடிந்த பிறகுதான் ஊருக்குப் போனேன், கட்டோடு. தாத்தா கட்டைப் பார்த்தார், வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் இதைச் சாதாரணத் தபாலில் போடுகிறேன். நீ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. யார் வாங்கினார்கள் என்று எனக்குத் திரும்பி வராது.

உள்ளே நம் முகவரி எழுதிய உறை ஒன்று வைத்திருக்கிறேன், ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒட்டியாயிற்று. போனபைடு கிடைத்தால் மடித்து அதில் வை. கிடைக்காவிட்டால் ஒரு வரி போதும், என்ன வரியாக இருந்தாலும் சரி. அம்மா பிரிக்க மாட்டாள், நானே வாசலில் வாங்கிக்கொள்கிறேன். உறையில் பசை கொஞ்சம் காய்ந்திருக்கிறது. மெஸ்ஸில் ஒரு சோற்றுப் பருக்கை எடுத்து வைத்து அழுத்தி ஒட்டு.

அப்பா