கிரைட்டன் கோட்டையிலும் அதே வைரக் கற்கள்

அன்புள்ள கயல்,

இத்தாலியின் ஃபெராராவிலிருந்து நீ அனுப்பிய வைர மாளிகைப் படத்தில், சுவர் முழுக்க வைரம்போலச் செதுக்கிய கற்களைப் பார்த்ததும், இந்தச் சுவரை இங்கே ஸ்காட்லாந்திலேயே பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. சனிக்கிழமை அப்பாவோடு கிரைட்டன் கோட்டைக்குப் போனேன். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது கூட்டிப் போயிருக்கிறோம். உனக்கு மாடுகள்தான் நினைவிருக்கும்.

தேவாலயத்தருகே காரை நிறுத்திவிட்டு நடந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் முரட்டுக் கற்சுவர். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த கோபுரம், பிறகு ஒவ்வொரு தலைமுறையும் ஒட்டிக் கட்டிய பகுதிகள், அவ்வளவுதான். ஆனால் முற்றத்துக்குள் நுழைந்து வடக்குப் பக்கம் பார்க்க வேண்டும், கயல்! கீழே வரிசையாக வளைவுகள், அதற்கு மேலே சுவர் முழுக்கப் பட்டை தீட்டிய மணற்கல். ஒவ்வொரு கல்லும் நான்கு சரிவாக எழுந்து நடுவில் கூர்முனையாக முடிகிறது. மேகம் மூடியிருந்தபோது எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வெயில் வந்ததும் ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். சுவரே மூச்சு விடுவதுபோல இருந்தது. நான் நகரவே இல்லை.

இந்த வடக்குப் பகுதியைக் கட்டியவர் ஐந்தாம் பாத்வெல் பிரபு பிரான்சிஸ் ஸ்டூவர்ட். இத்தாலியெல்லாம் சுற்றிவிட்டு ஊர் திரும்பி, 1580களில் இதை எழுப்பினார். உன் மாளிகையைத் தொடங்கியது 1493இல், அதாவது ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் முன்னால். செதுக்கலில் அவர் பெயரெழுத்தோடு மனைவி மார்கரெட் டக்ளஸின் பெயரெழுத்தும் இருக்கிறது. கடற்படைத் தலைவராக இருந்ததால் நங்கூரமும் உண்டு. அப்புறம் அந்தப் படிக்கட்டு. அந்தக் காலத்து ஸ்காட்லாந்துக் கோட்டை என்றால் சுழல் படிதான். இவரோ நேராக ஏறித் திரும்பும் அகலமான படி வைத்தார். அதுவும் இத்தாலியில் பார்த்துப் பழகியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது, பழைய கோபுரத்தை அவர் இடிக்கவில்லை என்பது. ஊரூராகப் போய் ரசித்ததை வீட்டுக்கு உள்ளே, முற்றத்தைப் பார்த்த மாதிரி வைத்திருக்கிறார். உள்ளே வந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

பாவம், ரொம்ப நாள் அனுபவிக்கவில்லை. 1591இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்கு எதிராகச் சூனியம் செய்யச் சொன்னதாகக் குற்றம் சுமத்தினார்கள். சொத்தெல்லாம் போய், கடைசியில் நாட்டை விட்டே ஓடி, 1612இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் இறந்தார்.

நேப்பிள்ஸில் ஜெசு நுவோவோ தேவாலயம் இருக்கிறதல்லவா, 1470இல் அரண்மனையாகக் கட்டியது, அதன் முகப்பும் இதே மாதிரி வைரக் கற்கள்தான். அந்தத் தெருவில் நடக்கும்போது அவர் வீட்டு முற்றம் அவருக்கு நினைவு வந்திருக்காதா? திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் நேப்பிள்ஸ் போவதாகச் சொன்னாயே, அந்தச் சுவரைக் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. வெயில் அடிக்கும்போது எடு.

அன்புடன்,
அம்மா