பேச்சும் கணக்கில் வரும், மகளே

அன்புள்ள மகளுக்கு,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து டீச்சர் எழுதுகிறேன். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு நாள் வந்து பேச முடியுமா என்று கேட்டதற்கு நீ அனுப்பிய பதில் கிடைத்தது. முனைவர் பட்டம் முடித்து இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறேன், கட்டுரைகள் வந்தால்தான் ஒப்பந்தம் நீளும், பேச்செல்லாம் கணக்கில் வராது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், இன்னும் நாலைந்து வருஷம் போகட்டும் டீச்சர் என்று எழுதியிருந்தாய். உன் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் பேச்சு கணக்கில் வராது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்கு எதிரான சாட்சி உன் பொருள் இயற்பியல் துறைக்குள்ளேயே இருக்கிறது. உன்னைப் போலத் தயங்கும் பிள்ளைகள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள் என்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

அமெரிக்க இயற்பியல் கழகம் ஆண்டுதோறும் டேவிட் ஆட்லர் விரிவுரை விருது என்று ஒன்று தருகிறது. பொருள் இயற்பியலுக்கென்றே உள்ள விருது. ஆட்லர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கண்ணாடியில் உள்ளதுபோல் அணுக்கள் வரிசை தப்பிக் கிடக்கும் குறைகடத்திகளை ஆராய்ந்தவர். 1987இல் அவர் காலமானதும் நண்பர்கள் பணம் போட்டு, மறு ஆண்டே இந்த விருதை ஏற்படுத்தினார்கள். யாருக்குக் கொடுப்பது என்று அவர்கள் வைத்த அளவுகோலைப் பார். ஆய்வு உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும். சரி, அது எந்த விருதுக்கும் உள்ளதுதான். அதோடு, துறையைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரைகளையும், விரிவுரை ஆற்றும் திறமையையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கண்டதை இன்னொருவர் மனத்தில் ஏற்றவும் தெரிய வேண்டும் என்கிறது அந்த விருது. ஒரு நண்பரின் நினைவைப் போற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2005இல் அதைப் பெற்றவர் ராமமூர்த்தி ரமேஷ். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியலும் படித்துவிட்டு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் போய் 1987இல் முனைவர் பட்டம் வாங்கியவர். பிஸ்மத் ஃபெரைட் என்ற பொருளின் மென்படலங்கள் (மிக மெல்லிய அடுக்குகள்) பற்றி அவர் குழு 2003இல் வெளியிட்ட கட்டுரையை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மின் ஒழுங்கும் காந்த ஒழுங்கும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதால், மின்புலத்தை வைத்தே காந்தத்தைத் திருப்பலாம், கணினி நினைவகங்களுக்கு ஆகும் மின்சாரத்தைக் குறைக்கலாம் என்று உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. 2010இல் புதிய பொருள்களுக்கான மெக்ரோடி பரிசையும் நிக்கோலா ஸ்பால்டின், சாங்-வூக் சியோங் இருவரோடு பகிர்ந்துகொண்டார். ஆக, விளக்கிப் பேசுவதை மதிக்கிற விருது அவருக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. பேசியதால் அவர் ஆய்வு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் மனம் ஆறாத விஷயம் இதுதான்.

இங்கிருந்து கோலகங்சார் எவ்வளவு தூரம்? 1877இல் அங்கே நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அப்புறம் நம் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள். காடு அழிந்து தோட்டமானது. உன் பாட்டியும் என் அம்மாவும் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, நிரை பிடித்துப் பால்மரம் வெட்டினார்கள். மங்குக் கோப்பையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தார்கள். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றம் அம்மாவின் கையை விட்டு ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது. சோறு பிசைந்து தரும்போது எனக்கு அந்த வாசம் வரும். அந்த ரப்பர் கப்பலேறும்போது அதன்மேல் ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. அந்தத் தீர்வைப் பணத்தில்தான் இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டியில் ஓர் ஆய்வுக்கூடம் நடந்தது. ட்ரெலோர், ரிவ்லின் போன்ற ஆய்வாளர்கள் 1940களில் அங்கே உட்கார்ந்துதான், ரப்பர் ஏன் இழுபடுகிறது, எந்தக் கணக்குப்படி இழுபடுகிறது என்று எழுதினார்கள். இன்றும் பொறியாளர்கள் கணினியில் ரப்பர் பாகங்களை வடிவமைக்கும்போது ரிவ்லின் பெயருள்ள சமன்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். நீ படித்த பாடத்திலேயே அது இருந்திருக்கும்.

ஆனால் பால் வெட்டிய யாருக்கும் அதை யாரும் சொல்லவில்லை. தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்று, "அம்மா, நீங்கள் சேர்க்கிற இந்தப் பாலுக்குள் இப்படி ஒரு சங்கதி இருக்கிறது" என்று சொன்னதில்லை. பவுண்டுக் கணக்கில் எடைபோட்டு, பால் சத்து பார்த்து, சம்பளத்தில் கழித்ததோடு சரி. என் அம்மா நல்ல கூர்மையானவர். சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

அப்படி ஒன்றும் சொல்ல முடியாத விஷயமும் இல்லை. ஒரு ரப்பர் பேண்டை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுத்தால் சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, விட்டவுடன் மறுபடி உதட்டில் வைத்தால் சில்லென்றிருக்கும். ஜான் கவ் என்ற ஆங்கிலேயர் 1805இல் இதை எழுதி வைத்தார். சின்ன வயதிலேயே அம்மையில் பார்வை போனவர், உதட்டாலேயே கண்டுபிடித்தார். ரப்பர் பேண்டில் எடையைத் தொங்கவிட்டுச் சுடுகாற்றைக் காட்டினால் அது நீளாது, சுருங்கும். இரும்புக் கம்பி இப்படிச் செய்யாது. உள்ளே இருப்பவை நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். கைகோத்த பிள்ளைகள் இடைவேளையில் திடலில் வளைந்து நெளிந்து ஓடுவதுபோல் அவையும் சும்மா இராமல் ஆடிக்கொண்டே இருக்கும். இழுத்தால் வரிசைக்கு வரும், சூடேறினால் ஆட்டம் அதிகமாகி மறுபடி சுருளப் பார்க்கும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது போதும். மேற்கொண்டு, இந்த ஒழுங்கின்மையின் அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர் என்றே சொல், பயப்படாதே, அவர்கள் டைனோசர் பெயர்களையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்.

இப்போது சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டம்தான். பால் வெட்டும் உளி பிடித்த கையைப் பார்க்காத பிள்ளைகள்தான் என் வகுப்பில் கடைசிக் காலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டி செய்த வேலைக்குள் இவ்வளவு இயற்பியல் இருந்தது என்பதை நான் சொன்னால் பாடம். அதே லயத்தில் வளர்ந்து, இன்று ஆய்வுக்கூடத்தில் மென்படலம் வளர்க்கிற நீ சொன்னால், "அக்கா போன இடத்துக்கு நாமும் போகலாம்" என்று அவர்களுக்குத் தோன்றும். நாலைந்து வருஷம் என்கிறாய். இப்போது ஆறாம் ஆண்டில் இருக்கிற பிள்ளை அதற்குள் எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வுப் பக்கம் போய்விடும், எந்தப் பாடம் எடுப்பது என்று அதற்குள் முடிவாகிவிடும்.

பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் இங்கேயே இறங்கலாம், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். எந்தச் சனிக்கிழமை தோது என்று மட்டும் சொல். மண்டபத்துக்குத் தலைமையாசிரியரிடம் கேட்டு வைக்கிறேன். எடையும் சுடுகாற்றுக்குத் தலைமுடி உலர்த்தியும் என்னிடம் இருக்கின்றன. ரப்பர் பேண்ட் மட்டும் நல்ல தடிமனாகப் பார்த்து வாங்கி வா, கடையில் கிடைக்கிற மெல்லியது உதட்டுக்குச் சூடு காட்டாது.

அன்புடன்,
உன் டீச்சர்