மடிக்கணினியோடு அதன் உரிமத்தையும் வாங்கியவர் கையில் கொடுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் கணினி விற்பனை நிலையங்களும் திருத்தகங்களும் நடத்துகின்ற மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும், அங்கே பணிபுரியும் தொழினுட்பவியலாளர்களுக்கும் வணக்கம்.

நான் படுவான்கரையில் உள்ள பாடசாலை ஒன்றில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். உயர்தரம் முடித்த பிள்ளைகள் மடிக்கணினி வாங்கப் புறப்படும்போது, "ரீச்சர், எதைப் பார்த்து வாங்குறது?" என்று கேட்டு வருவார்கள். நினைவகம், சேமிப்பு, பற்றரி என்று நான் சொல்லி அனுப்பியவற்றில் மென்பொருள் உரிமம் என்ற சொல் நெடுங்காலம் இருக்கவில்லை. என் தம்பிக்கு வாங்கிய கணினியில் பட்ட பிறகுதான் அதன் கனம் எனக்கு விளங்கியது.

தம்பி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அம்மாவின் காப்பை அடகு வைத்து, மீதியை என் சம்பளத்திலிருந்து போட்டு, கடையொன்றில் புதிய மடிக்கணினி வாங்கினோம். பெட்டியின் பக்கவாட்டில் விண்டோஸ் 11 ஹோம், ஒபிஸ் ஹோம் அன்ட் ஸ்ரூடன்ட் 2021 என்று அச்சிட்ட தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதை நானே வாசித்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து வரச் சொன்னார்கள். போனபோது கணினி திறந்து வைக்கப்பட்டிருந்தது. "எல்லாம் போட்டு ரெடியா இருக்கு ரீச்சர், கொண்டுபோய்ப் பாவிக்கலாம்" என்றார் அங்கே நின்ற இளைஞர். பற்றுச்சீட்டில் கணினியின் பெயர், தொடர் இலக்கம், விலை, ஓராண்டு உத்தரவாதம் ஆகியவை இருந்தன. விண்டோஸைப் பற்றியோ ஒபிஸைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை.

ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸைச் செயற்படுத்தும்படி, அதாவது அதன் உரிமத்தை உறுதிப்படுத்தும்படி, சொல்லும் மங்கலான எழுத்துகள் தோன்றின. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் அக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தேன். பெட்டியில் ஹோம் என்றிருந்த கணினியில் புரோ பதிப்பு இருந்தது. உங்கள் நிறுவனத்தின் செயற்படுத்தல் சேவகத்தோடு (சேர்வரோடு) இணைய முடியவில்லை என்ற செய்தியும் இருந்தது. வீட்டு மேசையில் படிக்கின்ற ஒரு மாணவனின் கணினிக்கு எந்த நிறுவனமும் இல்லை.

நடந்தது என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை வாசிக்கும் பெற்றோருக்காகச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே சேவகத்தின் மூலம் செயற்படுத்துவதற்காக மைக்ரோசொப்ட் வைத்திருக்கும் முறைக்குக் கே.எம்.எஸ். என்று பெயர். அந்தச் செயற்படுத்தல் 180 நாட்களுக்கே செல்லும். அதற்குள் கணினி திரும்பவும் அந்தச் சேவகத்தைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடைக்கும் திருட்டுக் கருவிகள் அப்படியொரு சேவகம் இருப்பதாகக் கணினியை நம்ப வைக்கின்றன. அந்தக் கருவியை விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருளான டிபென்டர் பிடித்து அகற்றிவிட்டால், அந்த 180 நாட்கள் முடிந்ததும் எழுத்துகள் தோன்றுகின்றன. அகற்றாமல் இருக்க வேண்டும் என்று டிபென்டரையே முடக்கி வைத்தால், யார் எழுதியதென்று தெரியாத ஒரு நிரல், வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் முழு அதிகாரத்தோடு குடியிருக்கும்.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. அந்தக் கணினிக்கு இந்தத் திருட்டுக் கருவி தேவைப்பட்டிருக்கவே இல்லை. விண்டோஸோடு விற்கப்படும் மடிக்கணினிகளில் 25 எழுத்துகள் கொண்ட உரிமத் திறவுகோலைத் தயாரிப்பாளரே கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான தாய்ப்பலகையில் பதித்து அனுப்புகிறார். வன்தட்டை அழித்தாலும் அது அழிவதில்லை. தம்பியின் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவிட்டு, மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 11 ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவினேன். இணையத்தில் இணைத்ததும், எந்தத் திறவுகோலும் கேட்காமல் அது தானாகவே செயற்பட்டது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமம் ஆறு மாதமும் உள்ளேயே இருந்திருக்கிறது. அதன்மேல் ஒரு திருட்டுப் பிரதியைப் போட்டு மூடியிருக்கிறார்கள். இதைக் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஒரே பென் டிரைவில் தயார் நிலையில் உள்ள விண்டோஸை எல்லாக் கணினிகளுக்கும் போடுவது விரைவானது, ஹோம் பதிப்பின் ஆரம்ப அமைப்பு இணையமும் மின்னஞ்சல் கணக்கும் கேட்டு நேரமெடுப்பது என்பதால் உண்டான பழக்கம் இது என்றே எண்ணுகிறேன்.

விண்டோஸ் திரும்பி வந்தது. ஒபிஸ் திரும்பி வரவில்லை. கணினியோடு வரும் ஒபிஸை, விண்டோஸ் செயற்பட்ட நாளிலிருந்து 180 நாட்களுக்குள் ஒரு மைக்ரோசொப்ட் கணக்கின் பெயரில் உரிமை கோர வேண்டும். கோரிய பின் அது அந்தக் கணக்குக்கே உரியது. தம்பி தன் கணக்கால் உள்நுழைந்தபோது ஒபிஸ் அவனை ஏற்கவில்லை. முன்பு அது யாருடைய கணக்கில் இருந்தது என்று தேடியதில், அவனுடைய பழைய திரைப்பதிவு ஒன்றில் எங்களுக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. அது கடையில் பலருடைய கணினிகளுக்கும் பொதுவாகப் பாவித்த கணக்கு என்றும், அதை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றும், கடவுச்சொல் தெரியாது என்றும் பின்னர் சொன்னார்கள். ஒப்படை கொடுக்க மூன்று நாளே இருந்த நிலையில் அவனுக்கு லிப்ரே ஒபிஸை நிறுவிக் கொடுத்தேன். அது நல்ல மென்பொருள், இலவசமானது, நேர்மையானது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு அது பதிலாகாது.

கடையின் கணக்கால் கணினியை அமைப்பதில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. மைக்ரோசொப்ட் கணக்கோடு அமைக்கப்படும் விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் சேமிப்பகம், திறவுகோல் இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி, தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புத் திறவுகோல், அமைத்தபோது பாவித்த கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. நாளைக்குத் தாய்ப்பலகை பழுதாகிக் கணினி அந்த இலக்கத்தைக் கேட்டால், யாருக்கும் திறக்கத் தெரியாத கணக்கில் அது இருந்தால், பிள்ளையின் நான்கு வருட ஆய்வுக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் போனது போனதுதான். அதுபோல, மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு பெண்பிள்ளையின் ஆவணங்களும் படங்களும் அவளறியாமல் அந்தப் பொதுக் கணக்குக்குப் போய்ச் சேரக்கூடும். இதை நினைத்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. அதே ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடவும் வழியுண்டு. ஆனாலும் உங்களிடம் நேரே கேட்பதே முறை என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

கணினியை விற்கும்போது, அதிலுள்ள விண்டோஸ் எந்தப் பதிப்பு, ஒபிஸ் உண்டா இல்லையா என்பதைப் பற்றுச்சீட்டில் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். தயாரிப்பாளர் போட்டு அனுப்பிய விண்டோஸை அழிக்காதீர்கள். முதல் அமைப்பை வாங்குபவரை அருகில் இருத்திக்கொண்டு, அவருடைய சொந்த மின்னஞ்சலில் செய்யுங்கள். மின்னஞ்சல் இல்லாத தாய் தகப்பனாக இருந்தால், ஒன்றை உருவாக்கிக் கடவுச்சொல்லை அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுத வையுங்கள். விண்டோஸ் இல்லாத மலிவான கணினிகளையும் நீங்கள் விற்கிறீர்கள், அதில் பிழையில்லை. அப்போது இல்லை என்று சொல்லி, உரிமம் வாங்க எவ்வளவு வரும் என்பதையும், உபுண்டு போன்ற இலவச இயங்குதளம் உண்டு என்பதையும் சொன்னால், முடிவை வாங்குபவர் எடுப்பார். விலையை மட்டும் குறைக்கக் கேட்கும் எங்கள் பக்கத்திலும் பிழை உண்டு. உரிமத்துக்கு உரிய காசைக் கொடுக்க வேண்டும் என்று என் மாணவர்களுக்கு இப்போது சொல்லி அனுப்புகிறேன்.

கடைசியாக ஒன்று. பொதுக் கணக்குகளில் பதிந்த கணினிகளை உங்களில் சிலர் ஏற்கனவே விற்றிருப்பீர்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பிரதிகளில் வாங்கியவர்களின் தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன. அந்தக் கணக்குகளின் கடவுச்சொல் கையில் இருக்கும்போதே அவர்களை அழைத்து, 48 இலக்க மீட்புத் திறவுகோலை எழுதிக் கொடுத்து, கணினியை அவரவர் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள். ஒபிஸ் பதிந்த கணக்கு ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருந்தால், அந்தக் கணக்கையே அவரிடம் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியை ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.