எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: தையல் வகுப்பு தொடங்குகிறது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்திலிருந்து எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளும் தையல் வகுப்பு. மாணவிகளுக்கு மட்டுமல்ல, மாணவர்களுக்கும் சேர்த்துத்தான். பருவம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் தமக்கான ஒரு பைஜாமாவைத் தாமே அளந்து, வெட்டி, தைத்து முடிக்க வேண்டும்.

பைஜாமாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதில் ஜிப் இல்லை, காலர் இல்லை, கை பொருத்தும் வேலை இல்லை. இடுப்புக்கு எலாஸ்டிக் போடுவதால் அளவு அரை அங்குலம் முன்னே பின்னே போனாலும் போட்டுக்கொள்ளலாம். முதல் முயற்சியிலேயே சட்டையோ சுடிதார் டாப்போ எடுத்தால், கைக்குழி வளைவில் சுருக்கம் விழாமல் கையைப் பொருத்துவதற்குள் பிள்ளை வெறுத்துப்போய்விடும்.

துணியை நீங்கள் வாங்கித் தர வேண்டும். பருத்திப் பாப்ளின், 44 அங்குல அகலத்தில் இரண்டேகால் மீட்டர். முடிந்த நீளம் 36 அங்குலம் வருகிற பிள்ளைக்கு இது சரியாக இருக்கும். உயரமான பிள்ளைக்குக் கால் மீட்டர் கூட வாங்குங்கள். ஒற்றை நிறமோ, நெசவிலேயே வந்த சிறு கட்டமோ நல்லது. கட்டத்தின் கோடு வெட்டும்போது வழிகாட்டும். சாட்டின், ஜார்ஜெட், லைக்ரா கலந்த துணி வேண்டாம். சாட்டினும் ஜார்ஜெட்டும் கையில் நிற்காமல் வழுக்கும், லைக்ரா இழுபடும். மேலே போகும் பூ, கீழே பார்க்கும் மயில் என்று ஒரே திசையில் அச்சடித்த துணியும் வேண்டாம். கவனிக்காமல் வெட்டினால் ஒரு கால் தலைகீழாகிவிடும்.

வாங்கிய துணியை அப்படியே அனுப்பாதீர்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, முறுக்காமல் உலர்த்தி, இஸ்திரி போட்டு அனுப்புங்கள். புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் நீளம் குறைவதோடு, நூல் சுருங்காமல் துணி மட்டும் சுருங்குவதால் தையல் ஓரமெல்லாம் கொசகொசவென்று நிற்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

கூடவே ஒரு அங்குல எலாஸ்டிக் ஒரு மீட்டர், துணி நிறத்திலேயே நல்ல பாலியெஸ்டர் நூல்கண்டு ஒன்று, ஒரு அளவு நாடா, பிள்ளைக்குப் பொருத்தமாக இருக்கும் பழைய பைஜாமா ஒன்று. மலிவான நூலில் பஞ்சு உதிர்ந்து, மிஷினில் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும், அடிக்கடி அறுந்தும் போகும். கத்தரி, ஊசி, சாக் பள்ளியில் இருக்கின்றன. வீட்டில் துணி வெட்டும் கத்தரி இருந்தால் அதைக் காகிதத்துக்கும் பால் பாக்கெட்டுக்கும் எடுக்காதீர்கள், முனை மழுங்கித் துணியை மெல்ல ஆரம்பித்துவிடும்.

முதல் இரண்டு வாரம் துணியைத் தொடவே மாட்டார்கள். நூல் கோக்காத மிஷினில், பழைய ஊசி போட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளைத் தைப்பார்கள். துளைகள் கோட்டின் மேலேயே விழ வேண்டும். மிதி மிஷினில் சக்கரம் எப்போதும் தைப்பவர் பக்கமாகவே சுற்ற வேண்டும். ஒரு சுற்று பின்னால் போனாலும் நூல் சிக்கி அறுந்துவிடும். கையால் சக்கரத்தைத் தொடக்கி, அந்த வேகத்திலேயே காலைச் சேர்த்துக்கொள்வது உடம்புக்குப் பழக வேண்டிய வேலை. “இன்னும் பேப்பர்தான் தைக்கிறியா?” என்று வீட்டில் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அடுத்தது காகித மாதிரி. பழைய பைஜாமாவைச் செய்தித்தாளில் விரித்து வரைந்துகொள்வார்கள். வெளிப்பக்கத்தில் தையல் வராதபடி முன்னும் பின்னும் சேர்ந்து ஒரு காலுக்கு ஒரே துண்டு. அந்தக் கோட்டுக்கு வெளியே உள்தொடைக்கும் கவட்டு வளைவுக்கும் அரை அங்குலம், மேலே ஒன்றே முக்கால், கீழே ஒன்றரை அங்குலம் விட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது கவட்டு வளைவில்தான். பின்பக்க வளைவு முன்பக்கத்தைவிட நீளமாக இருக்கும். முன்பக்கத்தையே இரண்டு பக்கமும் வரைந்துவிட்டால், நிற்கும்போது ஒழுங்காகத் தெரியும், சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பின்னிடுப்பு கீழே இறங்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு: பிள்ளையைத் தட்டையான நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை அளந்து, ஒரு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். மாதிரியில் இடுப்புக் கோட்டிலிருந்து கவட்டு வரையுள்ள உயரம் இதைவிடக் குறையக் கூடாது. இந்த அளவை வீட்டிலேயே எடுத்து, பிள்ளையின் நோட்டில் எழுதி அனுப்பினால் வகுப்பில் நேரம் மிச்சமாகும்.

வெட்டும்போது காலின் நீளம் துணியின் நீளவாக்கு ஓரமான கரைக்கு இணையாகப் போக வேண்டும். துணி மிச்சம் பிடிக்கலாம் என்று சாய்த்து வெட்டினால், நாலு சலவைக்குள் கால் முறுக்கிக்கொண்டு உள்தையல் முன்னால் வந்து நிற்கும். முதல் காலை வெட்டியதும் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டு இரண்டாவதை வெட்ட வேண்டும். மறந்தால் இரண்டும் இடது காலாகிவிடும். பாப்ளினில் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் ஒரு துண்டைப் புரட்டிப் போட்டுத் தப்பிக்கலாம். அச்சடித்த துணியில் முடியாது. பாப்ளினை வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிஷினில் தைக்கும் பங்கு உண்மையில் சிறியது. ஒவ்வொரு காலின் உள்தொடையையும் தனித்தனியே தைத்து இரண்டு குழாய்களாக்க வேண்டும். ஒன்றை நல்ல பக்கத்துக்குத் திருப்பி மற்றதற்குள் நுழைத்தால் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும். அப்படியே வைத்துக் கவட்டு வளைவை ஒரே ஓட்டமாகத் தைக்கலாம். உட்கார்ந்து எழும்போது இழுவை முழுக்க இந்த வளைவில்தான் விழும், அதனால் அதே தடத்தின் மேல் இன்னொரு தையல் கட்டாயம். பிறகு ஓரம் பிரியாமல் கையால் சுற்றித் தைப்பார்கள். மேல்பக்கத்தை முதலில் அரை அங்குலம், பிறகு ஒன்றேகால் அங்குலம் மடித்து, இரண்டு அங்குல வாய் விட்டுத் தைத்து, ஊக்கு மாட்டி எலாஸ்டிக்கை உள்ளே ஓட்டி, முறுக்கு விழவில்லை என்று தடவிப் பார்த்த பிறகே வாயை அடைக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் இஸ்திரி உண்டு. அதைச் செய்யாமல் அடுத்த தையலுக்குப் போனால், தையல் நேராக இருந்தாலும் துணி கோணலாகத்தான் தெரியும்.

வீட்டில் தையல் மிஷின் இருந்து பிள்ளை அதில் பழகினால், மூன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

துணிக்கு அடியில் நூல் கூடுகட்டினால் எல்லோரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் குறை சொல்வார்கள். அநேகமாகக் கோளாறு மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபூட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், டென்ஷன் தகடுகள் இறுகி இருப்பதால் நூல் அவற்றுக்கு இடையே போய் உட்காராது. ஃபூட்டைத் தூக்கி மேல் நூலை முதலிலிருந்து கோக்கச் சொல்லுங்கள். டென்ஷன் திருகையும் பாபின் கேஸ் திருகையும் தொட வேண்டாம்.

ஊசி உடைந்தால், பிள்ளை துணியைப் பின்னாலிருந்து இழுத்திருக்கும். துணியை நகர்த்துவது அடியில் உள்ள பற்களின் வேலை. கை வழிகாட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதும். பாப்ளினுக்கு 14ஆம் எண் ஊசி சரி. தைக்கும்போது ‘டப் டப்’ என்று சத்தம் வந்தாலோ தையல் விட்டுவிட்டு விழுந்தாலோ ஊசி மழுங்கிவிட்டது, மாற்றிவிடுங்கள்.

மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் பிசின்போல இறுகி, மிதிக்கவே முடியாமல் போய்விடும். தையல் மிஷின் எண்ணெயையே விட்டு, முதலில் ஒரு கந்தல் துணியில் ஓட்டிப் பாருங்கள்.

இனி, உங்களிடம் மிக முக்கியமாகக் கேட்டுக்கொள்வது: தையல் கோணலாக வந்தால் நீங்கள் பிரித்துத் தைத்துக் கொடுக்காதீர்கள், தெருவிலுள்ள டெய்லரிடமும் கொடுக்காதீர்கள். பிரிப்பதும் பாடம்தான். பிளேடு வேண்டாம், துணியைக் கிழித்துவிடும். பிரிப்பதற்கென்றே உள்ள சிறு கொக்கியால் ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துவிட்டு, துணியைத் திருப்பி மறுபக்க நூலை இழுத்தால் முழு நூலும் ஒன்றாக வந்துவிடும். அப்படிப் பிரித்த துணியை இஸ்திரி போட்டுவிட்டால் பழைய துளைகூடத் தெரியாது. ஒரே இடத்தை மூன்று தடவை பிரித்துத் தைத்த பிள்ளைக்கு மதிப்பெண் குறையாது. வேறொருவர் தைத்த துணியை மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

பாதுகாப்புக்காக, தையல் நாளில் நீள முடியைப் பின்னிக் கட்டி அனுப்புங்கள். துப்பட்டாவின் இரு முனையையும் பின்னால் முடிந்திருக்க வேண்டும்.

உங்கள் பிள்ளை இடது கைப் பழக்கம் உள்ளவராக இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகி, துணி வெட்டுப்படாமல் நடுவே மடிந்துகொள்ளும். அவர்களுக்கென்று தனிக் கத்தரி வாங்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கத் திணறுகிற, துணியை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்க்கிற பிள்ளையைப் பற்றி நாங்களே உங்களுக்குத் தெரிவிப்போம், ஒரு முறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

துணியும் மற்ற பொருள்களும் பெயர் எழுதிய பையில் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வந்துசேர வேண்டும். இப்போது வாங்கித் தர வசதிப்படாத பெற்றோர் என்னை நேரில் பார்த்துச் சொன்னால் போதும், பள்ளியிலிருந்தே கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்