அம்மா சேலைகளைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

ஏரல் தெருச் சொந்தங்களுக்கு வணக்கம்.

போர்வை தைத்து முடிந்துவிட்டது. அம்மாவின் நூல் சேலைகள் இனி அக்கா பேரனுக்குப் போர்த்திக்கொள்ள ஆகும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் என்ன சொல்ல? தாமிரபரணி உங்கள் வீட்டுப் பீரோவையும்தான் விட்டுவைக்கவில்லை.

சேலைகளை விரித்துக் காயப்போட மொட்டைமாடியைத் திறந்துவிட்ட வீட்டார், அலசக் குடம் குடமாகத் தண்ணீர் தந்தவர்கள், ஊசியும் நூலும் கொடுத்தனுப்பிய மதினிமார், ஓரம் அடிக்கத் தையல் மிஷினை விட்டுக்கொடுத்தவர் எல்லாருக்கும் மனசார நன்றி. ஆனால் இந்தப் போர்வை உருவானதே தேய்ப்புக்கடை அண்ணாச்சியால்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

அவருடைய வண்டியும் சேற்றில் கிடந்து மீண்டதுதான். சிரட்டைக்கரி போட்டுப் பெட்டியைச் சூடாக்கத் தொடங்கிய வாரமே சேலைகளைக் கொண்டுபோனோம். தேய்த்துத் தந்தால் போதும் என்றுதான் கேட்டோம். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கறையோட பெட்டி பட்டா அது துணியிலயே நின்னுரும் தங்கச்சி. வெறும் தண்ணியில மண்ணு போகட்டும், பெறவு சோப்பு போடுங்க." அதுதான் சரி. மண் போகாமல் சோப்பு போட்டுத் தேய்த்தால் சேறு இழைக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது சாயம். தன் வெள்ளைத் துண்டை நனைத்து, அரக்குச் சேலையின் கரையில் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். துண்டு சிவந்தது. அப்படிச் சாயம் விடுகிற துணியை வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் முதல் துவைப்பிலேயே பக்கத்துத் துணியும் கெட்டுப்போகும். தண்ணீர் தெளியும்வரை அலசிய பிறகே அந்தச் சேலையை வெட்டினோம்.

பழைய நூல் சேலை கத்தரிக்கோலுக்கு நழுவும். அதற்கும் அவர்தான் வழி சொன்னார்: சோற்றுக்கஞ்சியை வடிகட்டி, நீர்க்க விட்டு, முக்கிக் காயவைத்துத் தேய்த்தால் துணி காகிதம்போல நிற்கும். 5½ அங்குலச் சதுரங்களாக வெட்டினோம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 5 அங்குலம் மிஞ்சும். அகலத்துக்கு 9, நீளத்துக்கு 12, ஆக 108 துண்டுகள். 45க்கு 60 அங்குலப் போர்வை. தையலில் கால் அங்குலத்துக்கு மேல் நூலளவு கூடினாலும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டுகளிலுமாகச் சேர்த்து அரைக்கால் (1/8) அங்குலம் கூடுதலாகப் போனால், ஒரு வரிசையின் எட்டுத் தையலில் ஒரு அங்குலம் குறைந்து, அடுத்த வரிசையோடு மூலை சேராது. பாதத்தில் உரசிய ஓரமும் ஃபால்ஸ் தைத்த இடமும் நைந்திருக்கும், அவற்றை விட்டுவிடுவது நல்லது. இடுப்பில் முதலில் செருகும் தலைப்புதான் வெயில் படாமல் உறுதியாக இருக்கும். அம்மாவின் சுங்குடியில் நிறம் மங்காத துண்டுகள் கிடைத்ததும் அங்கேதான்.

வரிசை வரிசையாகத் தைத்ததையெல்லாம் அண்ணாச்சியே தேய்த்துத் தந்தார். பெட்டியை இழுக்கவே மாட்டார். வைப்பார், எடுப்பார். இழுத்தால் சதுரம் கோணிப்போகும். ஒரு வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்துத் தேய்த்ததால் மூலைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டன. இத்தனைக்கும் கூலி வாங்கவே இல்லை. "ஆச்சி சேலைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

முதல்முறை தைப்பவர்களுக்கு ஒன்று: மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கும்போது பஞ்சும் அடித்துணியும் சுற்றிலும் மூன்று அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுத்தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும், பிரிக்காமல் சரியாகாது. நூலை ஒரு முழத்துக்கு மேல் கோக்க வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். துவைத்த பிறகு பிழியவோ கொடியில் தொங்கவிடவோ கூடாது. ஈரப் பஞ்சின் கனத்தில் தையல் அறுந்துவிடும். நிழலில் விரித்தே காயவையுங்கள்.

இனி அண்ணாச்சிக்கு எங்கள் கடன். அவர் வண்டிப் பலகையில் விரித்திருந்த கம்பளி வெள்ளத்தோடு போய்விட்டது. இப்போது சாக்கு மேல்தான் தேய்க்கிறார். பலகையை அளந்துகொண்டு வந்துவிட்டோம். நான்கு அடுக்கும் பருத்தியிலேயே ஒரு விரிப்பு தைக்கப்போகிறோம். பாலியஸ்டர் பஞ்சு கரிப்பெட்டிச் சூட்டில் உருகிவிடும், அது வேண்டாம். வீட்டில் வெள்ளை நூல் சேலையோ பழைய வேட்டியோ இருந்தால், சாயமில்லாததாகப் பார்த்து, அலசிக் கொண்டுவந்து தாருங்கள்.

அன்புடன்,
அக்கா தங்கைகள்