கட்டில் இருக்கிறது, கொண்டுபோக வண்டிக்கூலி இல்லை

அன்புடையீர், வணக்கம்.

படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் எல்லாம் வாடகையில்லாமல் இரவல் கொடுக்கும் எங்கள் மன்றத்தை அருமனை, கடையாலுமூடு வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். மார்ச் 31 நிலவரப்படி மன்றத்தின் வங்கிக் கணக்கில் 3,86,000 ரூபாய் இருக்கிறது. இவ்வளவு வைத்துக்கொண்டு எதற்கு வசூல் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

அதில் 2,50,000 ரூபாய், ஒரு குடும்பம் தங்கள் அம்மாவின் ஆண்டு நினைவாக, தலைப்பக்கம் தூக்கி இறக்கும் கட்டில்கள் வாங்க மட்டும் என்று எழுதிக் கொடுத்தது. 1,20,000, வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் நடக்க முடியாத குழந்தைகளுக்கு நாற்காலி வாங்க அனுப்பியது. இரண்டையும் கழித்தால் மிச்சம் 16,000. அறை வாடகை, கரண்டு பில், ரிப்பேர், வண்டிக்கூலி எல்லாவற்றுக்கும் அதுதான்.

கொடுத்தவர்கள் மேல் குறையே இல்லை. அம்மா பெயர் எழுதிய கட்டில் இன்னொருவருக்குப் பயன்படுவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு உண்டு. லோடு ஆட்டோ டீசலில் யார் பெயரை எழுதுவது? ஆனால் நம் ஊர்ப்பக்கத்து வீடுகள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ரோட்டில் வண்டியை நிறுத்தி, ரப்பர் விளைக்குள் வழுக்குப் பாதையில் நாலு பேர் தாங்கித்தான் கட்டிலை இறக்க வேண்டும். திரும்பி வந்த கட்டிலைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, வெயிலில் போட்டு, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்த பிறகே அடுத்த வீட்டுக்கு. கான்சன்ட்ரேட்டர் இன்னும் சிரமம். இடவப்பாதி மழையில் ஓட்டாமல் மூடி வைத்தால் உள்ளே ஆக்சிஜனைப் பிரிக்க உதவும் ஜியோலைட் என்ற மணிகள் ஈரம் உறிஞ்சிக் கெட்டுவிடும். மெஷின் ஓடும், சத்தமும் வரும், வெளியே வரும் காற்றில் ஆக்சிஜன் குறைந்துபோயிருக்கும். அதனால் யாருக்கும் தேவைப்படாத மாதத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும், பில்டர் கழுவ வேண்டும், அளவு பார்க்க ஆளை வரவழைக்க வேண்டும்.

‘கட்டில் பணத்தில் கைமாற்றாக எடுத்துவிட்டுப் பிறகு போட்டால் என்ன’ என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். இன்ன காரியத்துக்கு என்று சொல்லித் தந்த பணம் நம் பொறுப்பில் இருக்கிறதே தவிர நம் இஷ்டத்துக்கு இல்லை. தந்தவர் எழுத்தில் சம்மதிக்காமல் அதை வேறு செலவுக்குத் திருப்பி விடக் கூடாது. அதோடு, திருப்பிப் போடும் பணம் எங்கிருந்து வரும்? அதுவும் பொது நிதியிலிருந்துதானே! சம்பளமில்லாமல் ஓடும் குழுக்களில் பொருளாளர் மாறினால் வாய்வார்த்தைக் கைமாற்றும் மறந்துபோகும். வங்கிக் கணக்கு ஒன்றுதான். பேரேட்டில் ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பக்கம். வங்கி இருப்பைச் சொல்லும்போதெல்லாம் பொது நிதி எவ்வளவு என்றும் சேர்த்தே சொல்லுவோம்.

இந்த ஆண்டுக்குப் பொது நிதியாக 1,80,000 ரூபாய் வேண்டும். வண்டிக்கூலி 78,000, அறை வாடகை 48,000, மெஷின், கட்டில் ரிப்பேர் 42,000, மெத்தை உறை, சுத்தம் செய்யும் பொருள் 12,000. ஏதாவது ஒன்றுக்கென்று குறித்துத் தர விரும்பினால் தாராளமாகத் தரலாம். காரியம் முடிந்து மீந்தால் பொது நிதிக்கு மாற்றலாமா என்று ரசீதிலேயே ஒரு வரி இருக்கிறது, ஆம் அல்லது இல்லை என்று எழுதிவிடுங்கள். ஏற்கனவே தந்த இரண்டு தரப்பாரிடமும் இந்தக் கேள்வியைக் கடிதமாக அனுப்பியிருக்கிறோம். பதில் எதுவானாலும் அதன்படி நடப்போம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் மன்னிக்கவும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும், ஊருக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்கும் பதிவு எங்களுக்கு இல்லை. நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி பதிவும் இல்லை, அதனால் அந்தச் சலுகை கிடைக்காது.

பணத்தை மன்றத்தின் பெயரிலுள்ள கணக்கில் மட்டும் போடுங்கள். உறுப்பினர் யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் வேண்டாம். ரொக்கமாகத் தந்தால் அந்த இடத்திலேயே ரசீது கேட்டு வாங்குங்கள். பேரேடு ஞாயிறு மாலைகளில் மன்ற அறையில் மேசைமேல் இருக்கும். நன்கொடை தராதவர்களும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழு