பெயர் கேட்கும் ஆய்வுக்குப் 'பெயரில்லா' வாக்குறுதி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பணியிட நட்புகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பெயர் கேட்காமல் கருத்துச் சேகரித்தால் ஊழியர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்கிறது. மனநிறைவுக் கணக்கெடுப்புக்கு அது சரி. யார் யாரிடம் போய் யோசனை கேட்கிறார் என்று பார்க்கும் உறவு வலை ஆய்வுக்குப் பொருந்தாது. அதில் ஆட்களைப் புள்ளிகளாகவும், யார் யாரைத் தேடிப் போகிறார் என்பதை அம்புக் கோடுகளாகவும் வரைவோம். பதில் தருபவர், அவர் குறிப்பிடுபவர் இருவரின் பெயரும் இல்லாமல் அங்கே ஒரு கோடுகூடப் போட முடியாது. பெயர்ப் பட்டியல் ஆய்வாளரைத் தாண்டிப் போகாது என்று சொல்லலாம். பெயரே இருக்காது என்று சொல்வது ஏமாற்று.

சொன்னது ஆய்வாளரைத் தாண்டிப் போகாமல் இருப்பது ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய சான்று உண்டு. சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகள் செய்யும் 14 பேரைத் தனி அறையில் வைத்து ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கம்பி இணைப்பவர்கள் 9, பற்றவைப்பவர்கள் 3, சோதிப்பவர்கள் 2. குழு கூடுதலாகச் செய்தால் கூலியும் கூடும். இருந்தும் கம்பி இணைப்பவர் ஒருவருக்கு நாளுக்கு இரண்டு கருவி போதும் என்று தங்களுக்குள் வரம்பு வைத்திருந்தார்கள். அதிகம் செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். வேகம் காட்டியவரின் புஜத்தில் ஓங்கி ஒரு குத்து விழும். சக தொழிலாளியைப் பற்றி மேலிடத்தில் போட்டுக்கொடுப்பதும் குற்றம். அறையிலேயே இருந்த கவனிப்பாளர் உத்தரவு எதுவும் போடவில்லை, காதில் விழுந்ததை மேற்பார்வையாளரிடம் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் இதில் பாதிகூட நமக்குத் தெரிந்திருக்காது.

கேள்வி கேட்பதிலும் கவனம் வேண்டும். 'உங்கள் நண்பர்கள் யார்?' என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவுகோலை எடுப்பார்கள். 'கடந்த மூன்று மாதத்தில் வேலையில் சிக்கல் வந்தபோது யாரிடம் வழக்கமாகக் கேட்டீர்கள்?' என்பது தேறும். நேற்று யாருடன் பேசினோம் என்பதை மனிதர்கள் தப்பும் தவறுமாகத்தான் நினைவில் வைக்கிறார்கள். நாள்பட்ட பழக்கத்தை ஓரளவு சரியாகச் சொல்வார்கள். சிறிய பிரிவென்றால் எல்லாப் பெயரையும் அச்சிட்டுக் கொடுத்து டிக் செய்யச் சொல்லலாம். நினைவிலிருந்து எழுதச் சொன்னால் அரிதாகப் பேசுபவர்கள் விட்டுப்போவார்கள். 'மூன்று பேரை மட்டும் எழுதுங்கள்' என்பதை நாங்கள் ஒருபோதும் ஏற்பதில்லை. ஐந்து பேரைக் கேட்பவருக்கு இரண்டு பெயர் வெட்டுப்படும், ஒருவரை மட்டும் கேட்பவர் இரண்டு பெயரை இட்டுக்கட்டுவார்.

யோசனை, நம்பிக்கை, அன்றாடப் பேச்சு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கேள்வி, தனித்தனி வரைபடம். கணக்கில் சந்தேகம் வந்தால் எல்லோரும் தேடிப் போகும் ஒருவரிடம், மனக்குறையை யாருமே சொல்லாமல் இருக்கலாம்.

பதில் வராதவர்களால் ஏற்படும் ஓட்டை பார்வைக்குத் தெரிவதைவிடப் பெரியது. 30 பேர் கொண்ட பிரிவில் 435 ஜோடிகள். 24 பேர் பதில் தந்தால் 80 சதவீதம் என்று திருப்திப்படுவார்கள். ஆனால் இரு பக்கமும் பதில் கிடைத்த ஜோடிகள் 276, அதாவது 63 சதவீதம்தான். 144 ஜோடிகளில் ஒரு பக்கம் மட்டும் தெரியும், 15 ஜோடிகளில் ஒன்றுமே தெரியாது. பதில் தராத ஆறு பேரில் ஒருவர் இரு கோஷ்டிகளுக்கும் பாலமாக இருப்பவர் என்றால், வரைபடத்தில் அந்தப் பிரிவு இரண்டாக உடைந்து தெரியும்.

அறிக்கையில் பெயருக்குப் பதில் எண் போடுவதும் போதாது. பிரிவில் ஒரே ஒரு கணக்கர் இருந்தால் 'கணக்கர், 17' என்பது பெயர் எழுதியதற்குச் சமம். அப்படிப்பட்ட வரைபடம் மேலாளர் கையில் கிடைத்தால், அம்புகள் குவிந்தவர் தலையில் இன்னும் வேலை ஏறும். ஓரத்தில் நிற்பவர் 'ஒட்டாதவர்' என்று மதிப்பீட்டில் அடிபடுவார். அவர் போன மாதம் சேர்ந்தவராகவோ, பாதி நாள் வெளிவேலையில் இருப்பவராகவோ இருக்கலாம். எனவே நிர்வாகத்துக்குப் பிரிவு வாரியான எண்ணிக்கையை மட்டும் தருவது, பங்கேற்க விரும்பாதவரின் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது, பெயரையும் எண்ணையும் இணைக்கும் தாளை எந்தத் தேதியில் அழிப்போம் என்பது ஆகிய மூன்றையும் கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
நிறுவனச் சமூகவியல் ஆய்வாளர்கள்